ஈசானிய மூலையில் ஒரு புகைக்குழாய்

இன்று எங்கள் வீட்டுக் குளியலறையில் கேஸ் கீசர் மாட்டினார்கள். பிறந்து சில வாரங்களே ஆன என் பேத்திக்காக மகன் வாங்கியது.

தண்ணீர் உள்ளே வரவும் சுடுநீர் வெளியே போகவும் ஃபிட்டர் குழாய்களை இணைத்துவிட்டார். புகைக்குழாய்க்கு மட்டும் சுவரில் ஓட்டை போட வேண்டும். டிரில்லை எடுத்ததும் மகன் தடுத்தான். அது ஈசானிய மூலையாம். உடனே வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அங்க ஓட்டை போட்டா வூட்டு லட்சுமி வெளிய போயிருவாங்க" என்றார் அவர்.

"அப்ப குழாயை உள்ளயே வுட்டுறட்டுங்களா?" என்றார் ஃபிட்டர்.

மகன் தலையாட்டினான். காலேஜ் வரை படித்த தலை.

"ஏன்டா, லட்சுமி போவக் கூடாதுன்னு புகையவும் உள்ளயே வெச்சுக்குவியா? கதவச் சாத்திக் குழந்தையக் குளிப்பாட்டறவ எதடா மூச்சு இழுப்பா?" என்றேன் நான்.

"கொஞ்சூண்டு புகைதானுங்க பெரியவரே" என்றது போன்.

"அப்படீங்களா? அப்ப நாளைக்கு வாங்க. கதவச் சாத்திக்கிட்டு மொதல்ல நீங்க குளிங்க. நல்லா நேரமெடுத்துக் குளிங்க."

உடனே வாஸ்துக்காரர், ஓட்டை போடலாம், வெளியே குழாயில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டால் தோஷம் இல்லை என்றார்.

சாயந்திரம் பேத்தி சுகமாகக் குளித்தாள். வெளியே சூட்டில் பழம் வதங்கியது.

நான் எழுத்துப் படித்ததே போன வருடம்தான். இதைப் போனில் தட்டி முடிப்பதற்குள் பழம் கருத்தே போய்விட்டது. மாற்றுப் பழம் கட்டலாமா என்று கேட்க மகன் மறுபடியும் போனை எடுத்திருக்கிறான்.

உங்கள் வீட்டில் எதிலெல்லாம் பழம் தொங்குகிறது?