ஸ்கேன் சென்டரில் ‘குட் யூ ப்ளீஸ்’

யாராவது என்னிடம் திடீரென்று மரியாதையாகப் பேசினால் நான் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பேன். கையெழுத்து வாங்க ஏதாவது பேப்பர் இருக்கிறதா என்று. எங்கள் தெருக்காரர்களை ‘வாங்க, போங்க’ என்று கூப்பிடுகிற ஆள் ஊரில் கம்மி. கூப்பிட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

என் அப்பா, நைனாவுக்கு இருமல் இருந்தது. செஞ்சியில் ஒரு டாக்டரிடம் இரண்டு வருடம் காட்டினோம். போகும்போதெல்லாம் திட்டுவார். “பீடிய உடச் சொன்னனே, உட்டியா? சாவுறதுக்குன்னே இங்க வர்றியா?” நைனா சிரித்துக்கொண்டே வெளியே வருவார். ஒருநாள் அதே டாக்டர் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க ஐயா, மெதுவா” என்றார். வெளியே வந்ததும் நைனா நேராக டீக்கடைக்குப் போய் பீடி வாங்கிப் பற்றவைத்தார்.

“இன்னா நைனா இது?” என்றேன்.

“ஐயான்னுட்டான்டி. இனிமே இன்னா இருக்குது?”

அடுத்த மாதம் போய்விட்டார்.

இது நைனாவின் கணக்கு மட்டும் இல்லை. சிங்கவரத்திலும் தொண்டூரிலும் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள். டாக்டர் திட்டினால் பிழைப்போம். கொஞ்சினால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் செஞ்சியிலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஒன்பது வருடமாக. வயிற்றை ஸ்கேன் எடுக்க வருகிறவர்கள் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மூத்திரப்பை நிறைந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். நான் கவுண்டரில் இருந்தபடியே கத்துவேன். “யக்கா, குடிச்சியா? முட்டுதா? முட்டுனா சொல்லு, அடக்கிக்கினு உக்காந்திராத.” அவர்களும் அங்கிருந்தே கத்துவார்கள். யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பேசச் சொல்லித்தர சென்னையிலிருந்து ஒரு ஆள் வந்தார். பேஷன்ட்டிடம் எதைக் கேட்டாலும் ‘குட் யூ ப்ளீஸ்’ என்று ஆரம்பிக்க வேண்டுமாம். குட் யூ ப்ளீஸ் சிட். குட் யூ ப்ளீஸ் வெயிட். முட்டுகிறதா என்று கேட்பதற்கும் ஒரு முழ நீளத்தில் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

“எதுக்கு சார் இது?” என்றேன்.

“பேஷன்ட்டுக்கு மரியாதை மேடம்.”

“தமிழ்ல குடுத்தா வேணாம்பாங்களா சார்?”

அவர் சிரித்தார். கேள்வி கேட்டால் சிரிக்கிறவனை நான் நம்புவதில்லை. என்னைப் போய் மேடம் என்றதும் பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே கவுண்டருக்கு மேலே கேமரா மாட்டினார்கள். அதில் பேச்சும் கேட்குமாம். மூன்று தடவை ‘ப்ளீஸ்’ இல்லாமல் பேசி மாட்டினால் வேலை இல்லை என்றார் மேனேஜர். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. பன்னிரண்டாவது ஃபெயிலான, கத்திப் பேசுகிற ஒருத்தியை அனுப்ப இவர்களுக்கு ஒரு காரணம் வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடு. இரண்டே வாரத்தில் இரண்டு தடவை மாட்டிவிட்டேன். அதன்பிறகு கேமராவைப் பார்க்காமல் நான் வாயைத் திறந்ததில்லை.

தொண்டூரிலிருந்து ஒரு அம்மா வந்தது அதற்குப் பிறகுதான். ஐம்பது வயது இருக்கும். கூட வீட்டுக்காரர், கையில் மஞ்சப்பை. அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தேதான் நடந்தார். இரண்டு நாளாக வலி விட்டு விட்டு வருகிறதாம். கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலை நடந்ததால் பொறுத்துக்கொண்டாராம்.

ஸ்கேன் முடிந்து அவர் வெளியே வந்ததும் டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். “சூலகத்துல கட்டி. சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரியுது, ஆனா முறுக்கிக்கிச்சு. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணலைன்னா உயிருக்கே ஆபத்து. விழுப்புரத்துக்குப் பேசி ஆம்புலன்ஸ் சொல்றேன். நானே வந்து அவங்களுக்கு எடுத்துச் சொல்றேன். அதுவரைக்கும் அவங்களை எங்கயும் விடாத.”

நான் வெளியே கவுண்டருக்கு வந்தேன். ‘யக்கா, எங்கயும் போவாத, டாக்டர் வர்றாங்க’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. தலைக்கு மேலே கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாட்டினால் இது மூன்றாவது தடவை.

நேராக நின்று, கையைக் கட்டிக்கொண்டு, சொல்லித்தந்த மாதிரியே சிரித்துக்கொண்டு சொன்னேன். “அம்மா, குட் யூ ப்ளீஸ் வெயிட்? உக்காருங்கம்மா.”

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். போன் மணி அடித்தது, திரும்பி எடுத்தேன். பேசி முடித்துப் பார்த்தால் பெஞ்ச் காலி. தண்ணீர் பாட்டில் மட்டும் கிடந்தது.

நைனா பீடி பற்றவைத்தது ஞாபகம் வந்தது. எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்திருந்தும் என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த அம்மாவிடம் நீ சாகப்போகிறாய் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

கவுண்டரை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். தொண்டூர் பஸ் புறப்பட நின்றிருந்தது. ஜன்னலோரம் அந்த அம்மா, வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, கொஞ்சம் எறங்குங்க” என்றேன். வாயில் அந்த மரியாதையே ஒட்டிக்கொண்டு வந்தது.

“வேணாம்மா. எனக்குப் புரிஞ்சிட்ச்சி. கைய கட்டிக்கினு பேசுனியே. வூட்ல போயி படுத்துக்கறேன்.”

“அப்படி எல்லாம் இல்லைங்கம்மா, நல்லாயிடுவீங்க.”

நான் இப்படிச் சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் செத்தது. வீட்டுக்காரர் தேம்பவே ஆரம்பித்துவிட்டார். டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார். எனக்குக் கோபம் வந்தது.

“ஏய், எறங்கு கீழ! இன்னா நெனச்சிக்கினு இருக்கிற உன் மனசுல? ரெண்டு நாளா வலிய வெச்சிக்கினு மல்லாட்ட புடுங்குனியே, அறிவு இருக்குதா? உள்ள சாதாரணக் கட்டி முறுக்கிக்கினு கெடக்குது. வெட்டி எடுத்தா பத்து நாள்ல எழுந்து நடப்ப. இந்த பஸ்ல போனியானா ராத்திரிக்கே செத்துப் போவ. யோவ், நீ இன்னாய்யா அழுதுக்கினு? புடிச்சி எறக்கு!”

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது.

“ஏங்க, திட்டுது பாருங்க” என்றார் வீட்டுக்காரரிடம்.

“ஆமா, நல்லா திட்டுது. எழுந்திரு, எழுந்திரு” என்றார் அவர்.

இரண்டு பக்கமும் பிடித்து இறக்கினோம். சென்டர் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது. அன்று சாயங்காலமே ஆபரேஷன் முடிந்தது. உள்ளே அழுகத் தொடங்கியிருந்ததாம். மறுநாள் காலை வரை தாங்கியிருக்காது என்றார் டாக்டரம்மா.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “குட் யூ ப்ளீஸ் சிட்” என்றார். கையைப் பார்த்தேன். பேப்பர் இருந்தது. நீட்டினார், வாங்கிக்கொண்டேன். கவுண்டரை விட்டுப் போனதற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம்.

“எழுதறேன் சார். நீங்க சொல்லச் சொன்ன வார்த்தைய நான் சொன்னதும் அந்தம்மா சாவறதுக்குக் கெளம்பிட்டாங்கன்னு எழுதறேன். படிச்சிட்டு மேல அனுப்புங்க” என்றேன்.

அவர் பேப்பரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். வேலை போகவில்லை. ஏன் போகவில்லை என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். கேமராவும் இருக்கிறது.

ஒன்றரை மாதம் கழித்து அந்த அம்மா வந்தார். நிமிர்ந்து நடந்து வந்தார். அதே மஞ்சப்பையில் அவித்த மல்லாட்டை. நான் பழக்கத்தில் கேமராவைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன்.

“குட் யூ ப்ளீஸ்…”

அவர் கை சட்டென்று வயிற்றுக்குப் போனது. “ஏம்மா, எல்லாம் நல்லாயிட்ச்சின்னுதானே சொன்னாங்க? மறுபடியும் இன்னாம்மா?”

கேமரா எக்கேடோ கெடட்டும்.

“ஒண்ணும் இல்ல. தையல் பிரிச்சி எத்தினி நாளாவுது, இப்பதான் வழி தெரிஞ்சிதா? உக்காரு சனியனே.”

“அப்படிச் சொல்லு” என்று பெஞ்சில் உட்கார்ந்து பையை அவிழ்த்தார்.