சுடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை என்று சொன்னால் எல்லோரும் என் கையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வாயைத்தான், ஏனென்றால் நாள் முழுக்க "கூடாது" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தாம்பரத்திலிருந்து படப்பை போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ரேஞ்ச். காற்றுத் துப்பாக்கி மட்டும்தான். எட்டுப் பேர் வரிசையாக நின்று பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையைச் சுடலாம். உள்ளே யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கதவைத் திறக்கும் கார்டு யார் யாருக்கு என்பதும் என் பொறுப்பு. என் மேசையில் ஒரு மஞ்சள் நோட்டு உண்டு. ஆபத்தாக ஏதாவது செய்தவர் பெயரை அதில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிவிடுவேன். ஒரே வருடத்தில் ஒரு பெயர் மூன்று முறை வந்தால் கார்டு மூன்று மாதத்துக்கு வேலை செய்யாது.

நீங்களும் அபார்ட்மென்ட் கேட்டில் நிற்பவரோ, பரீட்சை ஹாலில் நடப்பவரோ, ஆஸ்பத்திரியில் "பார்வையாளர் நேரம் முடிஞ்சுது" என்று கதவைச் சாத்துபவரோ என்றால் மேலே நான் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காதவர்களிடம் கூடாது என்று சொல்வது சுகம். பாழாய்ப்போன இந்த வேலையில் பிடித்தவர்களிடம்தான் அதைச் சொல்ல வேண்டிவருகிறது.

ஒரு கார்டு, ஒன்பது பேர்

கனி பாய்க்கு மூன்று லாரி. செங்கல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றி இறக்குவார். அவர் மகள் ருக்சானா பிளஸ் டூ படிக்கிறாள், எங்கள் கிளப்பில் ரைஃபிள் சுடுகிறவர்களில் அவள்தான் கெட்டி. பதினெட்டு வயது ஆகாதவர்கள் உறுப்பினரான தாயோ தகப்பனோ கூட இருந்தால்தான் உள்ளே வரலாம் என்பது எங்கள் விதி. அதற்காகவே பாய் உறுப்பினரானார். மகள் சுடும் நேரமெல்லாம் பின்னாலிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். என்னை ஸ்டெல்லா மேடம் என்று கூப்பிட்டது முதல் நாள் மட்டும்தான். மறுநாளிலிருந்து தங்கச்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு "பீப்" என்றது. ஒரே ஒரு பீப். பாய் நுழைந்தார், காலால் கதவைப் பிடித்துக்கொண்டார், பின்னாலேயே ருக்சானா, மச்சான், மச்சான் மனைவி, பிள்ளைகள், ஒரு கைக்குழந்தை என்று எட்டு டிக்கெட் நுழைந்தது. ருக்சானா சுடுவதைப் பார்க்க வந்திருக்கிறார்களாம். ஒரு வாண்டு நேராகத் துப்பாக்கி வரிசையைப் பார்த்து ஓட, நான் "ஸ்டாப்" என்று கத்தினேன். நோட்டில் முதல் தடவை பெயர் ஏறியது. கையெழுத்துப் போட்டுக்கொண்டே பாய் உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்:

"ஒரு கார்டுக்கு ஒரு குடும்பம்னு நெனச்சேன் தங்கச்சி. ரேஷன் கார்டு அப்படித்தானே?"

துப்பாக்கிக்கு நெற்றி எங்கே?

இது துரை அண்ணன் கதை. கேட்டில் நிற்கும் வாட்ச்மேன், பக்கத்து ஊர்க்காரர், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கேட்டையே திறப்பார். ஆயுத பூஜையன்று கிளப்பில் ஒரு பூஜை போடலாம் என்றார். நல்லதுதானே என்று துப்பாக்கிகளை எடுத்து மேசையில் அடுக்கிவிட்டு, ஒரு போன் பேசிவிட்டுத் திரும்பினேன். அதற்குள் பதினான்கு துப்பாக்கிக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தவர் ஒரு ரிட்டயர்ட் அதிகாரி. குறி பார்க்கிற சின்னத் துளையில் கண்ணை வைத்தவர் அரை நிமிடம் அசையவில்லை. பிறகு, தனக்கு மறுபடியும் கண்புரை வந்துவிட்டது போலிருக்கிறது, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். துளை முழுக்கக் காய்ந்த சந்தனம். பல்குத்தும் குச்சியை வைத்து மதியம் வரை சுரண்டினேன். துரை அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவருக்கு என் மேல்தான் வருத்தம்.

"இன்னா மேடம், கண்ணு அங்கதான் கீதுன்னு நீங்கதானே சொன்னீங்க? நெத்தி கொஞ்சம் மேல இருக்கும்னு பாத்து வெச்சேன், வழிஞ்சிட்ச்சு."

சலாம்

பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கனி பாயும் பிஸ்டல் பழக ஆரம்பித்தார். சுமாராகத்தான் சுடுவார். அட்டைக்குப் பின்னாலிருக்கும் இரும்புத் தகடுதான் அவரை நன்றாக அறியும். ஆனால் ஒவ்வொரு தடவை சுட்டதும் "பத்துக்குப் பத்தா?" என்று மகளைப் பார்ப்பார், அவளும் மனசாட்சியைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையை ஆட்டுவாள்.

துப்பாக்கி கையில் இருக்கும்போது உடம்பு அட்டையைத்தான் பார்க்க வேண்டும், தீப்பிடித்தாலும் திரும்பக்கூடாது. இதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இன்னொரு உறுப்பினர் உள்ளே வந்தவர் பின்னாலிருந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் பாய்" என்றார். பாய் பிஸ்டலோடு முழுசாகத் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் சலாம் சொன்னார். சலாம் சொன்னவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் மேசைக்கு அடியில் இருந்தேன். பிஸ்டலில் பெல்லட், அதாவது ஈயக் குண்டு, இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டாவது தடவையாக எழுதினேன். இந்த முறை அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"கூப்ட்ட மனுஷன் மூஞ்சியப் பாக்காம எப்படிம்மா பதில் சொல்றது? மரியாதையா அது?"

எந்த லோடு?

மாநிலத் தேர்வுப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. ருக்சானா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். பாயும் தங்கமாக மாறியிருந்தார். பிஸ்டலைத் தொடுவதில்லை, போன் எடுப்பதில்லை, சத்தம் கேட்காமலிருக்கக் காதுக்குப் பெரிய மஃப் மாட்டிக்கொண்டு பெஞ்சில் மௌனச் சாமியாராக உட்கார்ந்திருந்தார். திருந்திவிட்டார் என்று நானும் நம்பினேன். மஃபுக்குள்ளே புளூடூத் இருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் தொழிலில் நாலே வார்த்தைதான். "லோடு" என்றால் பெல்லட்டைப் போடு. "ஸ்டார்ட்" என்றால் சுடு. "ஸ்டாப்" என்றால் அப்படியே நிறுத்து. "அன்லோடு" என்றால் காலி செய். என் குரல் எப்போதும் அவர்கள் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வரும். யோசிக்காமல் கை செய்ய வேண்டும் என்று அப்படிப் பழக்கியவள் நானேதான். அன்றைக்கு இரண்டாவது வரிசையில் கம்பியில் ஓடிவரும் அட்டை நடுவழியில் சிக்கிக்கொண்டது. எல்லோரையும் துப்பாக்கியைக் கீழே வைத்து, காலி என்பதற்கு அடையாளமாகக் குழலில் ஆரஞ்சுக் கயிற்றை விடச் சொல்லிவிட்டு, அட்டையை எடுத்துவிட முன்னால் நடந்தேன். ஆள் அட்டைப் பக்கம் போனால் சிவப்பு விளக்கைப் போட வேண்டும். ஒரு நிமிட வேலைதானே என்று போடவில்லை.

பாதி தூரம் போயிருப்பேன். பின்னாலிருந்து பெரிய குரலில், "லோடு! லோடு! இன்னும் இன்னாத்துக்கு நிக்கிறே, லோடு!" என்று கேட்டது. திரும்பினால், மூன்று பேர் கயிற்றை உருவிவிட்டார்கள். ஒருவர் விரல் பெல்லட் டப்பாவுக்குள் இருந்தது. நான் கத்த வாயைத் திறப்பதற்குள் ஒரு குரல் முந்திக்கொண்டது. "ஸ்டாப்!" என்று ஹால் அதிரக் கத்தியது ருக்சானா. மொத்தக் கையும் மேலே போனது. மஃபைக் கழற்றிய பாய் என்னைப் பார்த்தார், துப்பாக்கிகளைப் பார்த்தார், அவர் முகம் வெளுத்துவிட்டது.

"நான் சொன்னது செங்கல் லோடும்மா…"

ஒரே பக்கத்தில் இரண்டு பெயர்

மேசைக்கு வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தேன், நோட்டைத் திறக்கவில்லை. எழுதினால் பாயின் கார்டு மூன்று மாதத்துக்கு நின்றுவிடும். கார்டு நின்றால் ருக்சானாவும் உள்ளே வர முடியாது. மூன்று வாரப் பழக்கம் இல்லாமல் தேர்வுக்குப் போவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, திட்டி அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

பாய் மஃபைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். உள்ளே வந்தது ருக்சானா. அழுதிருந்தாள். என் கையிலிருந்த பேனாவையும் மூடியிருந்த நோட்டையும் பார்த்தாள். நோட்டைத் திறந்து என் பக்கம் அவளே தள்ளினாள். பாயின் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, விளக்கைப் போடாமல் போன என் பெயரையும் எழுதினேன், அது அந்த நோட்டில் முதல் தடவை. எழுதி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள்.

"நாளைக்கு வேற யாரோட அத்தாவாவது இப்படிச் செஞ்சா எழுதுவீங்கல்ல மேடம்? அப்போ இதையும் எழுதுங்க."

காஸ் அடுப்பு

இரண்டு நாள் ருக்சானா நிற்கும் முதல் வரிசை காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஓர் அம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தார். கையில் நிரப்பிய விண்ணப்பம், போட்டோ, ஆதார் நகல். கனி பாயின் மனைவி பர்வீன். "தாயோ தகப்பனோ"ன்னுதானே போட்டிருக்கு, தகப்பனுக்குத்தானே இப்ப கூடாது என்றார். இத்தனை வருடமாக அந்த விதியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறவள் நான். அதில் "தாயோ" என்று ஒரு வார்த்தை இருந்தது என் மண்டையில் ஏறவே இல்லை.

புது உறுப்பினருக்கு வாய்மொழித் தேர்வு உண்டு. அந்த அம்மா துப்பாக்கியைக் கண்ணால் பார்ப்பதே அன்றைக்குத்தான். எல்லோரும் கோட்டை விடும் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மேசையில் ஒரு ரைஃபிள் இருக்கிறது, உள்ளே பெல்லட் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கயிறு, கைப்பிடி என்று ஆளாளுக்கு ஏதாவது சொல்வார்கள். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"தெரியாதுங்க. இருக்குன்னே வச்சுக்கணும். காஸ் மூடித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டு யாராவது இருட்டுல தீக்குச்சி கிழிப்பாங்களா?"

கேட்டுக்கு வெளியே

ருக்சானா தேர்வானாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் கவலையோடு படிப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின நாள் நடந்தது.

பர்வீன் உறுப்பினரான நாளிலிருந்து பாய்தான் காரில் மனைவியையும் மகளையும் கொண்டுவந்து விட்டார். இரண்டு மணி நேரம் கேட்டுக்கு வெளியே, எதிர்ப்புறப் புளியமரத்தடியில் நிற்பார். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். தங்கச்சி போய் மறுபடியும் மேடம் ஆகியிருந்தேன். சரியாகத்தான் செய்தேன் என்று தெரிந்தும் அது வலித்தது. வீட்டில் சொன்னால் சிரித்தார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் நல்ல மழை. காரை ரிப்பேருக்கு விட்டிருந்ததால் மூவரும் ஆட்டோவில் வந்திருந்தார்கள். பாய் மரத்தடியில் தொப்பலாக நனைந்துகொண்டு நின்றார். துரை அண்ணன் தன் குடையைக் கொண்டுபோய் நீட்டினார், வாங்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கேட் வரை ஓடினேன். வராந்தா வரைக்கும் வாங்க அண்ணே, ஹாலுக்குள்ள வேண்டாம், யாரும் பார்க்க மாட்டாங்க என்றேன். கார்டு இல்லாத ஒருவரைக் கேட்டுக்குள் கூப்பிட்டது அந்த வேலையில் நான் செய்த முதல் திருட்டுத்தனம். கேட்டின் பூட்டில் சாவியைக்கூடப் போட்டுவிட்டேன். அவர் இரண்டு அடி பின்னால் போய் நின்றுகொண்டு, கையை உயர்த்தித் தடுத்தார்.

"கூப்புடாதே தங்கச்சி, கூப்ட்டா வந்துடுவேன். அந்த நோட்டுல உன் பேரு ஒரு தடவை இருக்கிறதே எனக்குத் தாங்கல."

ஆகமொத்தம், எங்கள் ரேஞ்சில் இன்று வரை யார் மேலும் ஒரு பெல்லட்கூடப் பட்டதில்லை. மனதில் பட்டதை எழுதத்தான் எந்த நோட்டிலும் கட்டம் போட்டுத் தர மாட்டேன் என்கிறார்கள்.