மைதானம் கேட்ட ஐந்து வருஷம்

அறுவடை முடிந்த வயலில் சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் நாங்கள் ஓட்டப்பந்தயம் நடத்தினோம். அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிரில் மாஸ்டர். சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் பகுதி அப்போது திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது.

முட்டத்திலிருந்து வந்த ஒரு மீன்பிடிக்காரன், இருபது வயதிருக்கும், அந்த வயலில் நானூற்று நாற்பது கெஜம் ஓடினான். நெல்தாள் குத்தி இரண்டு உள்ளங்காலிலும் ரத்தம். கையிலிருந்த கடிகாரத்தை நம்ப முடியாமல் மறுபடி மறுபடி பார்த்தேன். ராஜ்ய அணியில் சேரப் போதுமான நேரம் அது. எழுதித் தலைநகருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: முறையான மைதானத்தில் ஓடாததால் ஏற்பதற்கில்லை.

"அப்பம் நான் ஓடினது பொய்யா சாரே?" என்று கேட்டான்.

அன்று பிடித்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

மைதானம் கேட்டு எங்கள் சட்டசபை உறுப்பினரிடம் போனேன். "வந்தாச்சுன்னே வச்சுக்கிடும் வே" என்றார். ஊருக்கு வெளியே புறம்போக்கு நிலத்தில் மேளதாளத்தோடு அடிக்கல் நாட்டினார். அதற்குப் பிறகு ஒரு கூடை மண்கூட விழவில்லை. அடுத்த தேர்தலில் அவர் தோற்றார். ஜெயித்தவரிடம் போனேன்.

"அது அவன் நட்ட கல்லு. அதுக்கு மேல நான் எதுக்கு வே கட்டணும்?"

பத்தடி தள்ளி அவரும் ஒரு கல் நட்டார். மாலையும் மேளமும் மறுபடி வந்தன. ஆடுகள் உரசிக்கொள்ள இரண்டு கல் கிடைத்தன, அவ்வளவுதான்.

அதற்குள் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்ற போராட்டம் வலுத்துவிட்டது. தலைநகர அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா என் மனுவைப் பார்த்துச் சிரித்தார். போகப்போகிறவர்களுக்கு மைதானம் எதற்கு, போகிற இடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். சரி, கேட்கிறேன் என்று வந்தேன். நானும் ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தியவன்தான்.

ஐம்பத்தாறில் சேர்ந்தோம். ஊரெல்லாம் கொடி. இரண்டு வாரம் பொறுத்து, புதிதாக வந்த அதிகாரி முன்னால் போய் நின்றேன்.

"இது பழைய ராஜ்யத்தோட வாக்குறுதி. கோப்பு முழுக்க மலையாளத்துல இருக்கு. புதுசா மனு குடுங்க" என்றார்.

மேசையில் ஓங்கி அடித்துவிட்டேன். "கல்லு ரெண்டும் உங்க எல்லைக்குள்ளதானே சார் கெடக்கு? அதுவும் மலையாளத்துலயா இருக்கு?"

சேவகன் வந்து என்னை வெளியே கூட்டிப்போனான்.

மறுநாள் முட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அன்று வயலில் ஓடியவன் கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகியிருந்தது. வலது முழங்காலில் வீக்கமும் வந்திருந்தது.

"எனக்கினி வேண்டாம் சாரே. மைதானம் வந்தா வந்து வேடிக்கை பாக்கேன்."

அவன் ஒரு வசவாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் என்னைச் சுட்டது.

புது மனு எழுதினேன். 'ஐயா அவர்கள் சமூகத்துக்கு' என்ற தொடக்கம், பணிவு, வணக்கம் எதுவும் அதில் இல்லை. ஒரு மனிதன் ஓடிய நேரத்தையும், அவனை எத்தனை பேர் எப்படியெல்லாம் ஏமாற்றினார்கள் என்பதையும் மட்டும் எழுதினேன். இப்படி எழுதினால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட மறுத்தார். என் கையெழுத்தைப் போட்டு நானே தபாலில் சேர்த்தேன்.