சுவருக்கு அந்தப் பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதம், ஆரணியை ஒட்டிய சேவூரில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. வேலூரில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்த வேலையை விட்டுவிட்டு, ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு கிராமத்து மருத்துவமனையில் ஒரு வருடம் சம்பளமில்லாமல் தொண்டு செய்ய வேண்டும். ஒரு தொண்டு நிறுவனம் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது.

விசா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி எல்லாம் ஒவ்வொன்றாக முடிந்தன. நிறுவனத்திலிருந்து போனில் பேசிய பெண்மணி கடைசியாக, "தனியா இருந்து பழக்கமுண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எங்கள் வீட்டில் பதினோரு பேர். தறி போட்ட இடம் போக மிச்சத்தில்தான் படுக்கை. தனி அறையில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

"அப்போ ஒரு மாசம் தனியா இருந்து பாருங்க. வேலைக்குப் பயந்து யாரும் திரும்பி வர்றதில்ல. தனிமை தாங்காமத்தான் வந்துடறாங்க" என்றார்.

அதனால்தான் சேவூரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தேன். ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் ஒன்று அது. பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் விசைத்தறிகள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் பேச்சுக் குரல்கூடக் கேட்காது. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்காக எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். அந்த அமைதி முதல் நாள் எனக்குக் காது அடைத்ததுபோல இருந்தது.

அந்த நேரத்தில்தான் நான் போகப்போகிற ஊரின் மொழியான சுவாஹிலியைப் படிப்பேன். போனில் பாடம் ஓடும். நான் சத்தமாகத் திருப்பிச் சொல்வேன். நோயாளிகளிடம் பேச வேண்டிய வாக்கியங்கள். 'உங்களுக்கு எங்கே வலிக்கிறது?' என்று அந்த மொழியில் நாலைந்து முறை சொல்லிப் பார்த்தேன்.

சுவரில் டொக், டொக், டொக் என்று மூன்று தட்டு விழுந்தது.

எலியாக இருக்கும் என்று நினைத்து மறுபடி சொன்னேன். மறுபடியும் மூன்று தட்டு. பேச்சை நிறுத்தினேன். தட்டும் நின்றது. ஐந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, லேசாக இருமினேன். உடனே மூன்று தட்டு.

வெளியே போய்ப் பக்கத்து வீட்டைப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. கதவுக்கும் நிலைக்கும் நடுவே சிலந்தி வலை அறுபடாமல் இருந்தது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தால், காலி அறையும் பழைய காலண்டரும்தான் தெரிந்தன.

தெருமுனை டீக்கடைக்காரரிடம் பட்டும்படாமல் விசாரித்தேன்.

"அந்த வூடா? பூட்டி ஆறு வருசம் ஆவுதுங்க. அங்க இருந்த பொம்பள கெணத்துல வுழுந்து செத்துப்போச்சு. அதுக்கப்பறம் யாரும் குடி வர்ல" என்றவர், கண்ணாடி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "இன்னா, எதுனா சத்தம் கேக்குதா?" என்று என் முகத்தைப் பார்த்தார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஒரு மாலை, மழை தூறி மின்சாரம் போய்த் தறிகள் நின்றபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. வார்த்தை புரியவில்லை. பதில் சொல்லும் குரலும் இல்லை. அவள் மட்டும் பேசிக்கொண்டே இருந்தாள். மின்சாரம் வந்ததும் தறிச் சத்தம் அதை மூடிவிட்டது.

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். வெட்கம் தடுத்தது. எத்தனையோ சாவைப் பக்கத்திலிருந்து பார்த்த நர்ஸ், பேய்க்குப் பயந்தான் என்றால் என்ன சொல்வார்கள்? இதற்கே ஓடினால் அங்கே எப்படித் தாக்குப்பிடிப்பேன்? அதனால் எனக்கு நானே ஒரு வழி செய்துகொண்டேன். மதியம் ஒரு மணியானால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல் பாடம் கேட்டேன். ஒரு வாரம் நிம்மதியாகப் போனது.

அடுத்த வாரம் ஒரு நாள், தறிகள் நின்றதுமே தட்டும் சத்தம் கேட்டது. இந்த முறை மூன்றோடு நிற்கவில்லை. விடாமல், தாளம் தப்பி, சுவரின் அடிப்பாகத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டினேன். சுவரில் சாய்ந்திருந்த என் முதுகில் அந்த அதிர்வு தெரிந்தது. எழுந்து, வீட்டைப் பூட்டி, பைக்கை எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

"இன்னாடா, மூஞ்சி வெளுத்துகினு வந்து நிக்கிற?" என்றார் அம்மா.

"வெயில்மா."

சாப்பிட்டேன். தறி ஓடும் சத்தத்தில் நன்றாகத் தூங்கியும்விட்டேன்.

ஐந்து மணிக்குத் திரும்பி வந்து பூட்டைத் திறக்கும்போது, "ஐயோ, யாராச்சும் வாங்களேன்!" என்று ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. இரண்டு வீடுகளுக்கும் பின்னால் ஒரு சந்து உண்டு. அதுவரை நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டின் பின்கதவு திறந்திருந்தது.

உள்ளே கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, தரையில் ஒரு மனிதர் கிடந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது கையும் காலும் வாதத்தில் விழுந்திருந்தன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது தோள் உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. விரல்களில் ஓர் எவர்சில்வர் டம்ளர். அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. முகத்துக்கு நேரே சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது.

அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் நான் உட்கார்ந்து படிப்பேன்.

அவரைப் பார்த்ததும் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, கைகள் தானாக வேலை செய்தன. நாடி ஓடியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தோள்மூட்டு நழுவியிருந்தது, உடம்பில் நீர் வற்றியிருந்தது. காலையில் மனைவி வேலைக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே விழுந்திருக்கிறார். தறிச் சத்தத்தில் அவர் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. தறி நின்ற பிறகு கேட்டது எனக்கு மட்டும்தான்.

அலறிக் கூப்பிட்ட அந்த அம்மா, அவருடைய மனைவி, வார்டு வராந்தாவில் என்னிடம் பேசினார். அவர்களுக்குச் சொந்த ஊர் தேசூர். கணவரின் பேச்சு பக்கவாதத்தில் போய்விட்டது. வைத்தியத்துக்காக ஆரணி வந்து, வீட்டின் பின்பகுதியை மட்டும் எடுத்துக் குடிவந்து மூன்று வாரம்தான் ஆகிறது. பின்சந்து வழியாகவே போய்வந்ததால் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மா ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பகலெல்லாம் கணவர் தனியாகத்தான் இருந்தார்.

"நீங்க பேசிகினு இருந்தா இவருக்கு ஒரு சந்தோசங்க. நானும் பேசறேன்னு தட்டிக் காட்டுவாராம், எனக்கு ஜாடையில சொல்லுவாரு. பக்கத்துல ஆள் இருக்குது, எதுனான்னா தட்டுங்க, வருவாங்கன்னு சொல்லிட்டுத்தான் நான் தைரியமா வேலைக்குப் போவேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார்.

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

அவர் பிழைத்து வீடு திரும்பினார். நான் கிளம்பும் வரை தினமும் மதியம் அவரோடு இருந்தேன். கைகால்களுக்குப் பயிற்சி கொடுப்பேன், கஞ்சி ஊட்டுவேன். ஒரு நாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொன்னேன்: "அன்னிக்கு நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சுண்ணா. பேய்னு பயந்து ஓடிட்டேன்."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எழுந்து போகும் வரை திரும்பவே இல்லை. மறுநாள் போனபோது, நான் நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான். அவர் மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் மனைவிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

பிறகு ஆப்பிரிக்கா போனேன், ஒரு வருடத்தை முழுதாக முடித்தேன். அங்கிருந்தவர்கள் என்னைப் பயமறியாதவன் என்று புகழ்ந்தார்கள். எனக்கு இப்போதும் பயம் வரும். ஆனால் வந்தால் முதலில் எழுந்து போய்ப் பார்த்துவிடுகிறேன். அந்த ஒரு பழக்கம் எனக்கு வருவதற்காக, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மனிதர், அவர் தட்டியது என் காதில் விழுந்த பிறகும், நாலு மணி நேரம் தரையில் கிடக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் இன்றும் என்னால் செரித்துக்கொள்ள முடியவில்லை.