நாற்பத்து மூன்று மாப்பிள்ளைகள்

புதிதாகத் தோல் சீவிய வேங்கை மரத்துக்கு ஒரு வாசனை உண்டு. துவர்ப்பும் ஈரமும் கலந்த அந்த வாசனை என் அப்பாவின் துண்டிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு, அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவாள், இன்றைக்கும் வெட்டப்போகிற மரங்களுக்கு நம்பர் போட்டாயிற்று என்று. அன்று ராத்திரிச் சோற்றில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்கு அப்போதே தெரிந்துவிடும்.

ஆனைமலை அடிவாரத்தில், வால்பாறைக்குப் பஸ் ஏறும் பாதையிலிருந்து விலகிக் கிடக்கிறது எங்கள் ஊர். சர்க்கார் காட்டில் ஒரு பகுதியை அளந்து, ஏலம் விட்டு, மரம் வெட்டுவதற்கு எங்கள் பக்கத்தில் 'கூப்பு' என்று பெயர். அப்பா கூப்பு மேஸ்திரி. அவர் கைகாட்டிய மரத்தில்தான் முதல் கோடாலி விழும், ஊரில் பாதி வீட்டு அடுப்பு அந்த வேலையில்தான் எரிந்தது. மீதிப் பாதி வீடுகள் பள்ளத்துத் தண்ணீரை நம்பிப் பிழைத்தன. மலையிலிருந்து இறங்கிவரும் ஓடையைத்தான் 'பள்ளம்' என்போம். அது ஓடினால் கிணறுகளில் தண்ணீர் நிற்கும். நான் ஏழாவது படித்த வருஷம் கூப்பு வந்து நின்ற இடம், அந்தப் பள்ளம் பிறக்கிற காடு.

அதே அடிவாரத்தில் சில மைல் தள்ளி, கூப்பு முடிந்த ஓர் ஊருக்கு அம்மாவின் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வெட்டி முடித்த மூன்றாம் வருஷமே அவர்கள் பள்ளம் வறண்டுபோய், சித்தி குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்ததை அம்மா தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதனால் எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"சர்க்கார் மரம், சர்க்காரு வெட்டுது. உனக்கென்ன வந்துச்சு?" என்பார் அப்பா.

"ஏனுங்க, சர்க்காருன்னா ஆருங்க? நாமதானுங்களே?" என்பாள் அம்மா.

"அப்ப நாளைக்குச் சோத்துக்கு என்ன பண்றது?"

"தண்ணியில்லாம எந்தச் சோத்தை ஆக்கறதுங்க?"

இரண்டு பேர் சொன்னதிலும் பொய்யில்லை, அதுதான் கொடுமை. ஊரிலும் இதே சண்டைதான், டீக்கடையில் கூட ஆளுக்கொரு பெஞ்ச் பிரித்துக்கொண்டார்கள். அம்மா வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிக் காட்டிலாகா மேலதிகாரிக்கு ஒரு மனு அனுப்பினாள். நேரில் வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்தது, ஆனால் அவர் வருவதற்கு நான்கு நாள் முன்பாகவே வெட்டு ஆரம்பிப்பதாக இருந்தது. வெட்டிய பிறகு வந்து எதைப் பார்ப்பார், அடிமரத்தையா?

அதற்குள் பங்குனி மாசத்து மாரியம்மன் நோம்பி வந்தது; திருவிழாவை நாங்கள் 'நோம்பி' என்போம். பூச்சாட்டி நோம்பியைத் தொடங்கிவிட்டால் பதினைந்து நாளைக்கு எங்கள் ஊரில் யாரும் பச்சை மரத்தில் கோடாலி வைக்கமாட்டார்கள், அதனால்தான் வெட்டுக்கு நோம்பி முடிந்த மறுநாளைக் குறித்திருந்தார்கள். மூன்று கிளை பிரிந்த மரம் ஒன்றை மட்டும் வெட்டிவந்து, மஞ்சள் நூலில் வேப்பிலை கோத்துக் காப்புக் கட்டி, கோயில் முன்னால் நடுவார்கள். அதுதான் 'கம்பம்'. ஆத்தாளுக்கு அவர்தான் புருஷன். பெண்கள் காலையில் குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம், ஆண்கள் பறை முழங்கச் சுற்றி ஆடுவார்கள், ஊர்க் கவுண்டர் கூட அந்தக் கட்டையைப் பார்த்தால் துண்டை இடுப்புக்கு இறக்குவார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த என் மண்டையில் ஒன்று உதித்தது. வெட்டிய கட்டைக்கே இத்தனை மரியாதை என்றால், உயிரோடு நிற்கிற மரத்துக்குக் காப்புக் கட்டினால் எவன் தொடுவான்? செய்யலாமா கூடாதா என்று பெரியவர்களைக் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை. நோம்பியின் கடைசி நாள் காலையில், சந்தையிலிருந்து அம்மா வாங்கிவைத்திருந்த மஞ்சள் நூல்கண்டை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கூட்டாளி மல்லிகாவையும் இன்னும் நாலு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கோயில் பக்கம் திரும்பவேண்டிய குடங்கள் நேரே காட்டுக்குப் போயின. சீவிய இடத்தில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்ட மரங்கள் மொத்தம் நாற்பத்து மூன்று. அத்தனைக்கும் கட்டினோம், அத்தனைக்கும் தண்ணீர் ஊற்றினோம். கடைசி மரத்துக்கு நூல் எட்டாமல் போய், மல்லிகா தன் தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து மஞ்சளில் முக்கி ஒட்டுப்போட்டாள். சிவப்பு ரிப்பன், இன்றைக்கும் அவளுக்கு அந்தப் பெருமை குறையவில்லை.

அன்று சாயங்காலமே கோயில் கம்பத்தைப் பிடுங்கிக் குளத்தில் விட்டுவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் அப்பா ஆட்களோடு காட்டுக்குப் போனார், கூப்பை ஏலம் எடுத்த வெளியூர்க் காண்ட்ராக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். முதல் வேங்கையின் முன்னால் போய் நின்ற அப்பா, தூக்கிய கோடாலியை அப்படியே இறக்கிவைத்துவிட்டு, "பூசாரியக் கூட்டிட்டு வாங்கடா" என்றார். பூசாரி வந்தார், பின்னாலேயே ஊரே வந்தது, நான் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

பூசாரிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "வெட்டி நட்டாத்தானுங்க கம்பம்! வேரோட நிக்கறதுக்கெல்லாம் காப்பக் கட்டிப்போட்டா, ஆத்தாளுக்கு நாப்பத்தி மூணு மாப்பிள்ளையா? கலிகாலமுங்க!"

எங்கோ ஒரு பெண் சிரித்தாள். அவ்வளவுதான், சிரிப்பு பற்றிக்கொண்டது.

"சரி, அவுத்து உடுய்யா" என்றார் காண்ட்ராக்டர்.

"அதெப்படீங்க அவுக்கறது?" என்றார் பூசாரி. "நோம்பிக்குள்ள கட்டுன காப்பு. தப்போ சரியோ, கட்டிட்டா அதுவுங் கம்பந்தான்; அந்தக் கம்பத்தையே புடுங்கித் தண்ணியில உட்டாத்தான் அவுக்க முடியும்."

"அப்ப வெட்டித் தண்ணியில போடுங்க!"

"கம்பத்த வெட்டப்படாதுங்க, புடுங்கத்தான் வேணும். இத வேரோட எவன் புடுங்கறது? நீங்க வேணாப் புடுங்கிக் காட்டுங்க."

காண்ட்ராக்டர் தானே பேனாக்கத்தியை விரித்துக்கொண்டு மரத்தருகே போனார். நூலில் கத்தியை வைக்கும் முன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். ஊர்ப் பெண்கள் மொத்தமும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆத்தாளுக்கு அஞ்சினாரோ இல்லையோ, எங்களுக்கு அஞ்சிவிட்டார். கத்தியை மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வேறு ஊர் ஆள் கொண்டுவருகிறேன் என்று ஜீப்பில் ஏறினார்.

அப்பா நேராக என்னிடம் வந்தார்.

"நீயா அம்மணி கட்டுனே?"

"ஆமாங்கப்பா."

அப்பா வேங்கைக்குத் திரும்பிப் போய் நூலை இழுத்துப் பார்த்து, "முடிச்சு நல்லாத்தான் போட்டிருக்கறே" என்றார்.

வேறு ஊர் ஆள் வருவதற்குள் அதிகாரி வந்துவிட்டார். அம்மா அவரைப் பள்ளத்தின் ஊற்றுக்கண் வரைக்கும் நடத்திக் கூட்டிப்போய், கல்லிடுக்கில் கசிகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்கவைத்தாள். மரத்தை வெட்டினால் என்ன, மறுபடி நடலாமே என்று அவர் கேட்டதற்கு, "இந்த ஊத்தை நடறக்கு ஆளிருக்குதுங்களா சாமி?" என்றாள். சித்திரை பிறந்து சில நாளில் தாக்கல் வந்தது: எங்கள் பள்ளத்துக் காட்டைக் கூப்புப் பட்டியலிலிருந்து எடுத்தாயிற்று! அன்றைக்கு நோம்பியே இல்லாமல் பறை முழங்கியது. ஆறு பிள்ளைகளையும் முன்னால் விட்டு ஊர்வலம் போனார்கள், திட்டிய பூசாரியே என் நெற்றியில் திருநீறு பூசினார். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ பரிசு வாங்கிவிட்டேன், அந்தத் திருநீற்றுக்கு எதுவும் ஈடில்லை.

சும்மா கிடைத்த வெற்றியில்லை அது. அப்பாவுக்கு வேலை போயிற்று, அந்த வருஷம் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. அவர் தேங்காய்நார் மில்லில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு வருஷம் முழுக்க இருமிக்கொண்டே முணுமுணுத்தார். சித்தி ஊர்க்காரர்கள் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் எடுக்க வண்டி கட்டி வந்த கோடையில் மட்டும், வரிசையில் நின்ற குடங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஜெயிச்சுப்போட்டே கண்ணு" என்றார். அதன்பிறகு அவர் முணுமுணுத்து நான் கேட்டதில்லை.

இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கோயமுத்தூரில் குடியிருந்தாலும் பங்குனியில் ஊருக்குப் போகாமல் இருக்கமாட்டேன். மரம் அடுக்கிய டிப்போ இல்லை, லாரி ஏறிய கூப்பு ரோட்டைப் புதர் மூடிவிட்டது, மரத்தில் போட்ட வெள்ளை நம்பர்களைப் பட்டை வளர்ந்து விழுங்கிவிட்டது. அப்பாவும் இல்லை, பூசாரியும் இல்லை. காற்றில் விழுந்த இரண்டைத் தவிர மாப்பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம், பள்ளம் ஓடுகிறது. நூல்கள் மழையில் எப்போதோ மட்கிப்போயிருக்கும்; ஆனால் பூசாரி கடைசி வரைக்கும் ஒன்றைக்கூடத் தன் கையால் அவிழ்க்கவில்லை. காப்பு அவிழ்க்காமல் நோம்பி முடியாது என்பது ஊர்க்கட்டு. அப்படிப் பார்த்தால் நான் ஏழாவது படித்தபோது பூச்சாட்டிய நோம்பி எங்கள் ஊரில் இன்னும் முடியவில்லை, யாரும் கோடாலியைத் தொடக்கூடாது.