அன்னம்மாளின் இடது மணிக்கட்டு

வருடத்தில் சில நாள்தான் அன்னம்மாளின் இட்லிக் கடை திறக்காது. மாரியம்மன் தேர் ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரும் எலும்பு டாக்டர்களின் பரீட்சை இன்னொன்று. தேருக்கு அவள் சந்து இருக்கும் ஸ்ரீராம்புரமே போகும். பரீட்சைக்குப் போகிறவள் அந்தச் சந்தில் அவள் ஒருத்திதான். ஊதாப் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு, இடது கையில் மட்டும் வளையல் போடாமல் கிளம்புவாள். வளையல் போட்டால் கோணல் தெரியாது.

அந்தக் கோணல் அவளே தேடிக்கொண்டது. ஒரு மழை நாளில் சந்து வழுக்கி, கையை ஊன்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் எலும்பை ஒழுங்காகத்தான் சேர்த்துக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டோடு கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட முடியவில்லை. எலும்பு கூடுவதற்குள் தேங்காய்க் கத்தியால் கட்டை அறுத்து வீசிவிட்டாள். எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடியது. கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி மணிக்கட்டு புடைத்து நின்றது. வலி கிடையாது. இட்லி ஊற்றலாம், சட்னி அரைக்கலாம். உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்பத்தான் முடியாது.

எலும்பு வைத்தியம் படிக்கும் டாக்டர்களின் கடைசிப் பரீட்சை காகிதத்தோடு முடிவதில்லை. நிஜ நோயாளியைக் கட்டிலில் உட்காரவைத்து, தொட்டுப் பார்த்து, என்ன கோளாறு, என்ன செய்யலாம் என்று சொல்ல வேண்டும். அதற்காகவே ஆஸ்பத்திரியில் அவளைக் கூப்பிட்டார்கள். டிபன், பஸ் காசு, ஜன்னலோரக் கட்டில், நாள் முழுக்க "அம்மா, அம்மா" என்று படித்த பிள்ளைகள். வீட்டில்கூட அவளை யாரும் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை.

அவள் மனசு இளகியது. கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத் துப்பும் கொடுக்க ஆரம்பித்தாள். தொண்ணூற்றேழில் பாலகுமார் என்ற பையன் வந்தான். ஏற்கெனவே ஒரு தடவை தவறியவன். அவளைத் தொட்ட விரல் ஐஸ் மாதிரி இருந்தது. அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கைய திருப்பச் சொல்லு சாமி. அத மறந்தவங்கள பெரியவரு வுடமாட்டாரு" என்றாள். பையன் தேறிவிட்டான்.

பெரியவர் என்று அவள் சொன்னது டாக்டர் வெங்கடகிருஷ்ணனை. கை, மணிக்கட்டு முறிவுகளை இளம் டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். அவள் துப்புக் கொடுப்பது தெரிந்தும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். அன்று பரீட்சை முடிந்ததும் அவளிடம் வந்து உட்கார்ந்தார். அடுத்த மாதம் ஒரு பயிற்சி முகாம் நடத்தப்போவதாகவும், வெளியூர் டாக்டர்கள் ஹாலில் உட்கார்ந்து ஆபரேஷனை டிவியில் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்றும் சொன்னார். "உங்க கைய நேராக்கிடலாமா அன்னம்மா?"

"நேராக்கிட்டா அப்புறம் என்னய பரீட்சைக்கு யாரு கூப்புடுவாங்க?"

டாக்டர் சிரித்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரமே, கட்டிக்கொடுத்த அடுகோடியிலிருந்து மகள் லாவண்யா வந்து, முழுகாமல் இருக்கும் செய்தியைச் சொன்னாள். முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான். சந்துக்கே இனிப்புக் கொடுத்தாள் அன்னம்மாள். பக்கத்து வீட்டு நோரா இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "கொழந்தைய நீதான குளிப்பாட்டணும்? தலைய எதுல புடிப்ப, முட்டியிலயா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்னம்மாள்தான் முதலில் சிரித்தாள். அவர்கள் போனதும் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். குழந்தையைக் கால்மேல் போட்டு, இடது உள்ளங்கையில் தலையைத் தாங்கி, வலது கையால் நீர் ஊற்ற வேண்டும். அந்தச் சந்தில் பாதிப் பேரின் தலை குழந்தையில் அவள் கையில் இருந்ததுதான். உரித்த தேங்காயொன்றை இடது கையில் வைத்துப் பார்த்தாள். உருண்டு சாக்கடைத் துவாரத்தில் போய் நின்றது. எடுத்துவந்து மறுபடி வைத்தாள். மறுபடி உருண்டது. கோபத்தில் அதை உடைத்துச் சட்னி அரைத்தாள்.

காலையில் டாக்டர் வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றாள். "சாமி, அந்த டிவி ஆபரேஷன பண்ணிடுங்க. கொழந்த வரதுக்குள்ள கை திரும்பிடுமா?"

"எலும்ப நான் நேராக்குவேன். திரும்புறது நீங்க பண்ற பயிற்சியப் பொறுத்தது. இந்த வாட்டி கட்ட அறுக்கக் கூடாது."

அவள் மாரியம்மன்மேல் சத்தியம் செய்தாள்.

முகாம் அன்று தோளுக்கு மேல் ஒரு ஊசி, முதுகில் ஒரு ஊசி. கையும் இடுப்புக்குக் கீழும் மரத்துப்போயின. முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. கோணலாகக் கூடிய எலும்பை மறுபடி வெட்டி நிமிர்த்தி, இடைவெளியில் இடுப்பெலும்பின் சின்னத் துண்டு ஒன்றை வைத்து, தகடு போட்டுத் திருகாணியால் இறுக்கினார்கள். ஒவ்வொரு வேலைக்கும் டாக்டர் மைக்கில் விளக்கம் சொன்னார். நடுவில் ஹாலில் இருப்பவர்களிடம், இந்த அம்மாவால் எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்டார். ஸ்பீக்கரில் ஒருவர் கை திரும்புவது இத்தனை டிகிரி குறைவு என்றார். இன்னொருவர் அதைத் திருத்தினார். "டிகிரி சரி. அவங்களால என்ன முடியல?" ஸ்பீக்கரில் காகிதம் புரட்டும் சத்தம் வந்தது.

யாரோ பிள்ளை முழிக்கிறது என்றால் அன்னம்மாளுக்குப் பொறுக்காது. துணிக்குப் பின்னாலிருந்து பரீட்சைக் குரலில் கிசுகிசுத்தாள். "கொழந்த தலைய புடிக்க முடியல சாமி."

மைக் அதையும் ஹாலுக்குக் கொண்டுபோனது. ஹால் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "எழுதிக்குங்க" என்றார்.

கட்டுப் பிரிக்கும் வரை கத்தியெல்லாம் நோரா வீட்டில் இருந்தது. பிரித்த பிறகு கரண்டியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ப்பதே வேலை. இட்லி வாங்க வந்தவர்கள் கரண்டி எவ்வளவு சாய்கிறது என்று பார்த்து அபிப்பிராயம் சொன்னார்கள். கார்ப்பரேஷன்காரர் ஒருவர் தினமும் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று லாரிக்குச் சைகை காட்டுவதுபோல நிற்பார். லாவண்யாவின் வளைகாப்பு வந்தபோது தேங்காய் உள்ளங்கையில் நின்றது. ஆனால் கை பாதிதான் திரும்புகிறதோ என்று அவளுக்கு ஒரு பயம்.

அந்தச் சமயத்தில் டாக்டர் ஆள் அனுப்பினார். பரீட்சைக்கு வரவேண்டும், அதே ஊதாப் புடவை, ஆனால் இந்த முறை வளையல் நிறையப் போட்டுக்கொண்டு. வளைகாப்பு வளையல்களை மணிக்கட்டிலிருந்து அடுக்கிக்கொண்டு போனாள். தழும்பு ஒளிந்துகொண்டது.

ரகுராம் என்ற பையன் வந்தான். ஜன்னலோரக் கட்டில், ஊதாப் புடவை, இடது கை என்று ஹாஸ்டலில் யாரோ ஓதி அனுப்பியிருந்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, டாக்டரின் முகத்தைப் பார்த்தபடியே கோணலாகக் கூடிய எலும்பைப் பற்றி மளமளவென்று ஒப்பித்தான். அன்னம்மாள் வளையலைக் குலுக்கிப் பார்த்தாள். பையன் குனியவே இல்லை.

"கைய திருப்பச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

அன்னம்மாள் திருப்பினாள். உள்ளங்கை மொத்தமும் வானம் பார்த்தது. பையன் வாய் பிளந்தான். அவளும்தான், அவ்வளவு தூரம் கை அதுவரை திரும்பியதில்லை.

"பாவம் சாமி, மொதல்லேருந்து சொல்லட்டும்" என்றாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரகுராம் வளையல்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றி, தழும்பைக் கண்டுபிடித்து, தடவி, மெதுவாகப் பேசத் தொடங்கினான்.

பேரன் பிறந்து, தலைக்கு ஊற்றும் நாள் வந்தது. பலகை போட்டு உட்கார்ந்தாள். நோரா வெந்நீரோடு நின்றாள். வாசலில் லாவண்யா நகத்தைக் கடித்தாள். தலை உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. தேங்காயைவிட லேசு, ஆனால் வெதுவெதுவென்று இருந்தது. உருளவில்லை. பேரன் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, நேராகப் பாட்டியின் முகத்தில் ஒன்றுக்கு அடித்தான்.

"பாஸ் பண்ணிட்ட போ" என்றாள் நோரா.

"பேசாம தண்ணிய ஊத்துடி" என்றாள் அன்னம்மாள். துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையை எடுக்கவில்லை.