உருட்டிவிட்ட பீப்பாய்

சோடா கம்பெனியில் கேஸ் ஏற்றுகிறவனுக்கு ஒரு திமிர் உண்டு. வெறும் தண்ணீரைக் குடித்தவனை ஏப்பம் விட வைக்கிறோமே என்கிற திமிர். எனக்கு அது கொஞ்சம் கூடுதல். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்த அக்கா, மகள் நிச்சயதார்த்தத்துக்கு வீட்டிலேயே பீர் போடப் போவதாகச் சொன்னபோது, "கேஸை என்கிட்ட விடுக்கா, நுரை கூரையைத் தொடும்" என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன்.

அக்கா ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டில் சமைத்தவர். அவர்கள் கப்பலேறியபோது ஒரு தடித்த மரப் பீப்பாயும் பீர் போடும் பக்குவமும் அக்காவிடம் தங்கிவிட்டன. புருஷன் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்கவயல் சுரங்கக்காரர்கள். "சாராயம் வெச்சா குடிகார வீடும்பாங்க, ஒண்ணும் வெக்கலேன்னா கஞ்ச வீடும்பாங்க. பொண்ணு மேல ஒரு சொல் வரக் கூடாது தம்பி." இதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை.

ஐஸ் பெட்டியெல்லாம் எங்கள் தெருவில் ஏது? பீப்பாய்க்கு ஈரச் சாக்கைச் சுற்றிக் குளிக்கிற அறை மூலையில் நிறுத்தினோம். கம்பெனியிலிருந்து கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து ரப்பர் குழாய் மாட்டினேன். குளிர்ச்சி இல்லாத சரக்கில் கேஸ் நிற்காது என்று கொஞ்சம் கூடவே விட்டேன். அக்கா சொன்னது ஒன்றுதான்: "ரெண்டு நாள் அசைக்காதே. மண்டி அடியில தங்கணும்."

நிச்சயத்தன்று காலை எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேஸ் ஏறியிருக்குமா? சோடா இயந்திரத்தில் பாட்டிலைச் சுழற்றி ஆட்டினால்தான் தண்ணீர் கேஸைக் குடிக்கும். பல வருஷக் கைப்பழக்கம். ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பீப்பாயைச் சாய்த்து, முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டி, பழையபடி நிறுத்திவிட்டேன்.

மதியம் பீப்பாயை அலுங்காமல் கூடத்துக்குத் தூக்கி வந்தோம்; அத்தனை பேர் முன்னால் அக்காவே அதன் குழாயைத் திறந்தார். வந்தது பீர் இல்லை, சீறல். குழாய் பிடுங்கிக்கொண்டு போய், மண்டியும் நுரையுமாய் அக்கா சேலையிலும் மாப்பிள்ளையின் தாய்மாமன் சட்டையிலும் அடித்தது.

"இன்னாம்மா, சுரங்கத்துல வெடி வெக்கிறா மாதிரி வெச்சிட்ட?" என்றார் மாமன்.

காலையிலிருந்து என் கேஸ் பெருமையைக் கேட்டவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "அக்கா ஈஸ்ட்டை அள்ளிப் போட்டுட்டாங்க போல" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"ஓகோ! பொண்ணுக்கும் இதே கைப்பக்குவம்தானா?" என்றார் மாமன்.

சிரிப்பு. உள்ளே கதவோரம் நின்ற பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு, "தப்பு என் கை மேலதாங்க. அவ கை சுத்தமான கை" என்றார்.

தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் மாமன் படியிறங்கும்போது, "கல்யாணத்துக்கு நாங்களே சமையல்காரனைக் கூட்டியாந்துர்றோம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா சேலை மாற்றிக்கொண்டு வந்தார்.

"நீ உருட்டினதை ஜன்னல் வழியாப் பாத்தேன் தம்பி. மதியத்துக்குள்ள அடங்கிரும்னு நெனச்சேன்."

"அப்பவே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமேக்கா..."

"நீ சொல்லுவேன்னுதான் பாத்துகிட்டு நின்னேன்."

மறுநாள் எனக்கு விடுமுறை. தங்கவயலுக்குக் காலையிலேயே ரயில் உண்டு. மாமனிடம் சொல்லிவிடுவது என்று ஸ்டேஷன் வரைக்கும் போனேன். ரயில் கிளம்பிப் போகிறவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, நடந்தே வீட்டுக்கு வந்தேன்.